நாற்பது பேருக்காக ஒரு போன்: கொழும்பு மாணவி ஒருவரின் சமூக ஊடகக் களைப்பு

தலைவலி என்றுதான் என்னிடம் உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) வந்தார். வயது 22. கொழும்பிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் முகாமைத்துவப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. சொந்த ஊர் திருகோணமலை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் போர்டிங். ஓர் அறையில் நான்கு பேர். சில மாதங்களாகத் தலைவலி விடுவதில்லை, இரவில் நித்திரை பிடிப்பதில்லை, விரிவுரையில் இருந்தாலும் ஒன்றும் மண்டையில் ஏறுவதில்லை என்றார். போனைப் பற்றி அவராக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இதை எழுத அவருடைய அனுமதி இருக்கிறது. எழுதியதை வாசித்தும் பார்த்தார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்; பெயரும் வைக்கவில்லை, மாணவி என்றே சொல்கிறேன். இப்படி ஒன்றை எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. இளம் பிள்ளைகளின் போன் பாவனை என்றதும் வீட்டாரிடமும் ஆசிரியர்களிடமும் ஆயத்தமாக இருக்கும் விளக்கம் ஒன்றே ஒன்றுதான்: போனுக்கு அடிமையாகிவிட்டார்கள். உளவளத்துணைக்கு வரும் மாணவர்களில் கணிசமானவர்களுக்கு இந்த விளக்கம் பொருந்துவதே இல்லை. போனைத் தொடவே அவர்களுக்கு வெறுப்பாக இருக்கிறது. ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. அந்த நிலைக்குத்தான் சமூக ஊடகக் களைப்பு என்று பெயர். அடிமைத்தனம் என்று நினைத்து அதற்கு வைத்தியம் பார்த்தால் பிள்ளைக்கு இன்னும் பாரம்தான் ஏறும்.

முதலில் உடம்பு

தலைவலியோடு வந்தவரிடம் எடுத்த எடுப்பில் மனதைப் பற்றிப் பேசுவது சரியில்லை. வைத்தியரிடம் அனுப்பினேன். கண், இரத்த அழுத்தம், இரத்தச்சோகை எல்லாம் பார்த்தார்கள்; சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. மனச்சோர்வை அளக்க வழக்கமாகப் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவத்தில் 27க்கு 11 வந்தது. அது மிதமான அளவு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு, அப்படி ஒருபோதும் இல்லை என்று பதில் தந்தார்; நேரில் கேட்டபோதும் அதையே சொன்னார். அந்த இடத்தில் வேறு பதில் வந்திருந்தால் இந்த நிகழ்வின் போக்கே வேறாக இருந்திருக்கும். வாசிக்கும் எவருக்காவது அந்த எண்ணம் இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

விஷயம் வெளியே வந்தது ஓர் அசைன்மென்ட் கதையில். கணக்கீட்டுப் பாடத்தில் அசைன்மென்ட் ஒன்றை ஒப்படைக்க வேண்டிய கடைசித் திகதியைத் தமிழில் எழுதி, பட்ச்சிலுள்ள, அதாவது அதே ஆண்டில் சேர்ந்த, தமிழ் மாணவர்கள் நாற்பது பேருக்கும் அனுப்பியவர் இவர். முதல் நாள் ஒரு நினைவூட்டல், அன்று மாலை இன்னொரு நினைவூட்டல் போட்டவரும் இவர்தான். எல்லோரும் நேரத்துக்கு ஒப்படைத்தார்கள். இவர் ஒப்படைக்கவில்லை. செய்யாமல் விட்டதாலல்ல. செய்து முடித்த கோப்பு மடிக்கணினியில் இரண்டு நாளாக இருந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டிய தகவலாக மட்டுமே அந்தத் திகதி அவருடைய கையால் கடந்து போயிருக்கிறது. தனக்கும் உரியது என்று மனதில் பதியவே இல்லை.

அதைச் சொல்லும்போது அழுதார். “மறதி வந்திட்டுது போல மிஸ். எனக்கு மூளையில ஏதும் பிழையா?” என்று கேட்டார். மூளையில் பிழை ஒன்றும் இல்லை என்று அப்போதே சொன்னேன். போனைக் காட்டச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

போனில் இருந்தது

முப்பதுக்கும் மேற்பட்ட வட்ஸ்அப் குழுக்கள். பட்ச் முழுவதற்குமான பெரிய குழு, தமிழ் மாணவர் குழு, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று, குழுச் செயற்றிட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, போன செமஸ்டரில் முடிந்தும் கலைக்கப்படாத செயற்றிட்டக் குழுக்கள், மாணவர் சங்கம், போர்டிங், பாடசாலைத் தோழிகள், ஊர்க் கோயில், குடும்பம், வெளிநாட்டு உறவினர்களோடு சேர்ந்த பெரிய குடும்பம். இவற்றைவிட இன்பொக்ஸில் தனித்தனியாகக் கேட்பவர்கள்.

இன்ஸ்டகிராமும் டிக்டொக்கும் போனில் இல்லை. இரண்டு மாதம் முன்பே அழித்துவிட்டாராம். யாரோ ஓர் அக்கா, போனை விட்டு ஒரு கிழமை விலகியிருந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லியிருக்கிறார். அவை இல்லாமல் இருப்பது இவருக்குக் கஷ்டமாகவே இருக்கவில்லை. திரும்பப் போடவும் தோன்றவில்லை. ஆனால் தலைவலியும் குறையவில்லை. இந்தத் தகவல் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. பொழுதுபோக்குச் செயலிகளை இவ்வளவு இலேசாக விட முடிந்தவரை அடிமை என்று எப்படிச் சொல்வது?

ஓர் இரவின் உரையாடலை மேலிருந்து கீழாகக் காட்டினார். பெரிய குழுவில் செய்திகள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் வரும். அதிலும் ஆங்கில எழுத்தில் தட்டிய சிங்களம். இரவு ஒன்பதரைக்கு ஒருவர் எழுதுகிறார்: “ஹெட்ட லெக்சர் எக நே.” நாளைக்கு விரிவுரை இல்லையாம். அதற்குக் கைதட்டல், சிரிப்பு, ஸ்டிக்கர், கிரிக்கெட், யாரோ ஒருவருடைய பிறந்தநாள் என்று ஐம்பது அறுபது செய்தி ஓடுகிறது. அதற்கு நடுவில், யாருக்குப் பதிலாக எழுதியது என்றும் தெரியாமல், இன்னொருவர்: “நே நே, தியெனவா. ஹோல் எக விதரய் மாறு.” இருக்கிறதாம், மண்டபம் மட்டும்தான் மாற்றமாம். எந்த மண்டபம் என்பது இன்னும் கீழே, ஒருவருடைய குரல்பதிவில். அதுவும் பஸ்ஸில் இருந்து பேசிய பதிவு. ஹோர்ன் சத்தத்துக்குள் மண்டபத்தின் பெயரைப் பிடிக்க மூன்று முறை கேட்டிருக்கிறார். அப்புறம் தமிழில் இரண்டு வரி எழுதித் தமிழ்க் குழுவில் போட்டிருக்கிறார். போட்ட நிமிடமே இன்பொக்ஸில் நான்கு பேர்: நாளைக்கு லெக்சர் இருக்கா? எங்க? எத்தினை மணிக்கு? குழுவில் போட்டதைப் பார்க்காமலே கேட்டவை அவை.

இதுதான் இவருடைய ஒவ்வோர் இரவும். ஒரு செய்தியையும் தாண்டிப் போக முடியாது, ஏனென்றால் தேவையான வரி எதற்குள் ஒளிந்திருக்கிறது என்று வாசித்து முடிக்கும் வரை தெரியாது. ஸ்டிக்கர்களுக்கு நடுவில் கிடக்கும் ஒற்றை வரிக்காக நூறு செய்தி வாசிப்பவருடைய களைப்பும், ரீல்ஸ் பார்த்து நேரம் போக்குபவருடைய களைப்பும் ஒன்றல்ல. திரை நேரம் என்று போன் காட்டும் கணக்கில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் விழும். அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிள்ளைகளைத் திட்டுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

இவருக்கு இந்த வேலை எப்படி வந்தது

திருகோணமலையில் அயலில் சிங்களக் குடும்பங்கள். அப்பா கடை வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே சிங்களம் வீதியிலும் கடையிலும் பழகிய மொழி. பட்ச்சில் இவரோடு இருக்கும் தமிழ் மாணவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, மட்டக்களப்புப் பக்கத்தவர்கள். கொழும்புக்கு வரும்வரை சிங்களம் பேசும் தேவையே வராதவர்கள். படிப்பு ஆங்கிலத்தில், அறிவித்தல் வாய்வழிச் சிங்களத்தில், இவர்களுக்குப் புரிவது தமிழில். முதலாம் ஆண்டின் முதல் கிழமையில் மண்டபம் மாறியதை அருகிலிருந்த நாலைந்து பேருக்கு இவர் சொல்லியிருக்கிறார். அன்று மாலையே ஒருவர் தமிழ்க் குழு தொடங்கி இவரை அட்மின் ஆக்கிவிட்டார். யாரும் கேட்டு, இவர் சம்மதித்துக் கிடைத்த பொறுப்பல்ல இது. தபால்காரருக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு; இவருக்கு அதுவும் இல்லை.

தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் சொல்கிறது. நடைமுறையில் அந்த வாக்கியத்தைக் கொழும்பில் நிறைவேற்றிக்கொண்டிருப்பவர்களில் ஒருவர், இரவு பதினொரு மணிக்குப் போர்டிங் கட்டிலில் போர்வைக்குள் போன் வெளிச்சத்தோடு இருக்கும் இந்த 22 வயதுப் பிள்ளை. அமைப்பு ஒன்று செய்ய வேண்டியதை, தன் நித்திரையைக் கொடுத்து ஒரு மாணவி செய்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் வர வேண்டிய விஷயம்தான்.

இன்னொரு பின்னணியும் உண்டு. இவருடைய வயதுக்காரர்கள் பலருடைய கையில் சொந்தமாகப் போன் வந்ததே பாடத்துக்காக. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. சாதாரண தரம் முடித்து உயர்தரம் தொடங்கும் வயது. ஆசிரியர் குறிப்பை எழுதிப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுவார். பிள்ளைகள் கொப்பியில் பார்த்து எழுதி, எழுதியதைப் படம் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். 2022இல் மின்வெட்டு. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மின்சாரம் வந்ததும் முதல் வேலை போனைச் சார்ஜில் போடுவது, இரண்டாவது வேலை தவறவிட்ட செய்திகளை வாசிப்பது. அந்த ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையே தள்ளிப்போய் 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. போனை வைத்துவிட்டால் படிப்பு போய்விடும் என்பது இவர்கள் அனுபவித்துக் கற்ற பாடம். அதை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது.

செயலியின் அமைப்பும் சும்மா இருக்கவில்லை

செய்தியை வாசித்துவிட்டதைக் காட்டும் வட்ஸ்அப்பின் நீலநிறச் சரி அடையாளம் 2014இல் வந்தது. தனி உரையாடலில் அதை அணைத்து வைக்கலாம். குழுவில் அணைக்க முடியாது. அனுப்பியவர் தன் செய்தியை அழுத்திப் பிடித்து, யார் யார் வாசித்தார்கள் என்று பெயரோடு பார்க்கலாம். “நீர் பாத்திட்டீர்தானே, ஏன் ரிப்ளை இல்ல” என்ற கேள்வி செயற்றிட்டக் குழுக்களில் அடிக்கடி வரும். ஆகவே இவர் சில செய்திகளைத் திறக்காமல் அறிவித்தல் பட்டையிலேயே வாசிக்கப் பழகியிருக்கிறார். திறக்காமல் வாசித்தது மனதில் நின்று உறுத்திக்கொண்டே இருக்கும். ஒரே செய்திக்கு இரண்டு தரம் களைப்பு.

வீட்டுப் பக்கமும் இதே கதைதான். அம்மா இவருடைய ‘ஒன்லைன்’ அடையாளத்தைப் பார்ப்பார். “ராத்திரி ஒரு மணிக்கும் ஒன்லைன்ல நிக்கிறா, படிக்கிறாளா என்ன செய்யிறாளெண்டு தெரியேல்ல” என்று என்னிடமே தொலைபேசியில் சொன்னார். மகள் அந்த நேரத்தில் யாருக்கு என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அம்மாவுக்குத் தெரியாது. ரொறன்ரோவிலிருக்கும் சித்தி பகல் சாப்பாடு முடித்துப் படம் அனுப்பும் இரண்டு மணி, கோடை காலத்தில் இங்கே இரவு பதினொன்றரை. மறுமொழி போடாவிட்டால் பெருமை வந்துவிட்டது என்பார்கள்.

ஆய்வுகள் சொல்வதில் இங்கே பொருந்துவது எது

சமூக ஊடகக் களைப்பு ஒரு நோயின் பெயரல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு கணினி விளையாட்டுக் கோளாறைச் சேர்த்திருக்கிறது. சமூக ஊடகத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆய்வாளர்கள் இச்சொல்லால் குறிப்பது, தகவலும் தொடர்பும் எதிர்பார்ப்பும் ஒருவர் தாங்கும் அளவைத் தாண்டும்போது வரும் சலிப்பு, சோர்வு, விலகிவிட வேண்டும் என்ற உந்துதல் ஆகியவற்றைத்தான். இந்தியப் பதின்ம வயது மாணவர்களிடம் செய்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தச் சங்கிலியைக் காட்டியது: எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்ற அச்சம் கட்டுப்பாடற்ற பாவனைக்குத் தள்ளுகிறது, அந்தப் பாவனை களைப்பைத் தருகிறது, களைப்பு பதற்றத்தையும் மனச்சோர்வையும் கூட்டுகிறது.

இந்த மாணவியிடமும் அச்சம் இருந்தது. ஆனால் அச்சத்தின் உள்ளடக்கம் வேறு. தான் எதையாவது தவறவிடுவோமோ என்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருக்கவில்லை. “வைக்க ஏலாது மிஸ். நான் வச்சா ஆரோ ஒராள் சோதினைய விட்டிடும்” என்றார். தன்னால் இன்னொருவர் தவறவிடுவார் என்ற அச்சம் அது. தனக்காகப் பயப்படுபவரிடம் ‘போனால் போகட்டும்’ என்று சொல்லலாம். பிறருக்காகப் பயப்படுபவரிடம் அப்படிச் சொன்னால், சுயநலமாக இரு என்று சொல்வதாகத்தான் கேட்கும்.

ஊடகங்களில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் இன்னோர் ஆய்வு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 இளங்கலை மாணவர்களிடம் நடந்தது, 2018இல் வெளியானது. பேஸ்புக், இன்ஸ்டகிராம், ஸ்னப்சட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடத்தோடு நிறுத்தியவர்களிடம் மூன்று வாரத்தில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. நல்ல ஆய்வு. ஆனால் அது கட்டுப்படுத்திய மூன்றில் வட்ஸ்அப் இல்லை. கொழும்பு மாணவருக்கு வட்ஸ்அப்தான் அறிவித்தல் பலகை. அதைப் பத்து நிமிடத்தோடு நிறுத்தச் சொன்னால் அறிவித்தல் பலகையைப் பார்க்காதே என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

எனக்குக் கைகொடுத்தது 2019இல் வெளியான ஓர் ஆய்வு. அறிவித்தல்களை வந்தவுடன் பெறாமல், நாளுக்கு மூன்று தரம் மொத்தமாகப் பெற்றவர்களுக்குக் கவனம் கூடியது, மன அழுத்தம் குறைந்தது. அறிவித்தல்களை முற்றாக நிறுத்தியவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை, பதற்றம்தான் கூடியது. முழுதாக விலகச் சொல்லும் அறிவுரை ஏன் இந்தப் பிள்ளைகளிடம் எடுபடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

செய்தவை

முதலில் ஒரு கொப்பி. இரண்டு கிழமைக்கு, போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எதற்காக எடுத்தேன் என்று ஒரு சொல் எழுத வேண்டும். செயலி வேண்டாம், பேனையால் எழுதுங்கள் என்றேன். அவர் தானாகவே மூன்று தலைப்பு வைத்துக்கொண்டார்: எனக்கு, ஆக்களுக்கு, சும்மா. இரண்டு கிழமை முடிந்து பக்கங்களைப் புரட்டினால் ‘ஆக்களுக்கு’ என்ற நிரல்தான் நிறைந்து கிடந்தது. ‘சும்மா’ பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ. அந்தப் பக்கங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோம்பேறி என்று இவ்வளவு நாளும் தன்னைத்தானே சொல்லிக்கொண்டிருந்தவர் அதன்பிறகு அந்தச் சொல்லைப் பாவிக்கவில்லை. சிகிச்சை என்று பார்த்தால் பாதி வேலையை அந்தக் கொப்பியே செய்துவிட்டது.

அடுத்து, தனி ஆளாகச் செய்யக்கூடியவை. முடிந்துபோன செயற்றிட்டக் குழுக்களிலிருந்து விலகினார். 2022இலிருந்து குழுவை விட்டு விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவித்தல் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்ததும் ஒரே மாலையில் ஒன்பது குழுக்களை விட்டார். கோயில் குழுவையும் பாடசாலைக் குழுவையும் ஆவணப் பகுதிக்குத் தள்ளி வைத்தார். மற்றவற்றைச் சத்தமில்லாமல் ஆக்கி, காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஏழு என்று பார்க்கும் நேரத்தை வைத்துக்கொண்டார். புறக்கோட்டையில் சின்ன அலாரம் மணிக்கூடு ஒன்று வாங்கி, போனைக் கட்டிலுக்கு எட்டாத மேசையில் வைத்தார்.

முதல் கிழமை நித்திரை கொஞ்சம் வந்தது. இரண்டாவது கிழமை எல்லாம் பழையபடி. சத்தத்தை நிறுத்திவிட்டுத் தானே பத்து நிமிடத்துக்கொரு தரம் எடுத்துப் பார்க்கிறார். “சத்தம் வராட்டி இன்னும் பயமா இருக்கு” என்றார். எதிர்பார்த்ததுதான். நாற்பது பேருக்கு ஒரே வழி அவர்தான் என்ற நிலை அப்படியே இருக்கும்போது, அவருடைய போனில் மட்டும் மாற்றம் செய்து என்ன பயன்?

ஆகவே அவருடைய சம்மதத்தோடு, பட்ச்சின் பிரதிநிதிகளான இரண்டு ரெப்களையும் கூப்பிட்டுப் பேசினோம். ஒருவர் சிங்களப் பிள்ளை, ஒருவர் முஸ்லிம் பிள்ளை. இவருக்கு இப்படி ஒரு சுமை இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்ததும் இருவரும் அக்கறையோடு இறங்கினார்கள். உளவளத்துணையில் வழக்கமாக ஆளோடுதான் வேலை செய்வோம், அவரைச் சுற்றியிருக்கும் ஏற்பாட்டைத் தொடமாட்டோம். இந்த மாதிரி விஷயத்தில் அந்த வழக்கத்தை விட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முடிவானவை இவை. ரெப்கள் மட்டும் எழுதக்கூடிய அறிவித்தல் குழு ஒன்று. அதில் பேச்சில்லை, ஸ்டிக்கர் இல்லை, குரல்பதிவு இல்லை. அட்மின் மட்டும் எழுதும் வசதி வட்ஸ்அப்பில் 2018இலிருந்து இருக்கிறது. பாவிக்கத்தான் யாரும் நினைக்கவில்லை. திகதி, நேரம், இடம் மூன்றும் ஒவ்வோர் அறிவித்தலிலும் இருக்க வேண்டும். தமிழ்க் குழுவில் மொழிபெயர்க்க நான்கு பேர், ஆளுக்கொரு கிழமை முறை. மலையகத்திலிருந்து வந்த ஒரு மாணவரும், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனை மாணவி ஒருவரும் நன்றாகச் சிங்களம் தெரிந்தவர்கள். இவ்வளவு நாளும் யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை. மாலை ஏழு மணிக்கு ஒரே தொகுப்பு. அதற்குப் பிறகு மறுநாள் காலை விரிவுரையில் மாற்றம் இருந்தால் மட்டும்தான் செய்தி. இன்பொக்ஸில் கேட்பவர்களுக்கு இவர் பதில் எழுதக் கூடாது. தொகுப்பின் படத்தை மட்டும் அனுப்ப வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம்தான் அவருக்கு மிகவும் கடினமாக இருந்தது. பதில் தெரிந்தும் எழுதாமல் இருப்பது திமிர் என்று நினைப்பார்களே என்று தவித்தார். இதற்காகவே ஒரு முழு அமர்வு போனது. என்ன எழுதுவது என்று இருவரும் சேர்ந்து யோசித்து, அவருடைய வாயில் வரக்கூடிய ஒரு வசனத்தைக் கண்டுபிடித்தோம்: “இந்தக் கிழமை என்ர முறை இல்லையடி, குரூப்பில இருக்கு பார்.” சத்தமாக நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். ஐந்தாவது தரம் சிரித்துவிட்டார்.

நடந்தது

சுமுகமாகப் போகவில்லை. மூன்றாவது கிழமையில் ஒரு சின்னப் பரீட்சை பற்றிய அறிவித்தல் தொகுப்பில் விடுபட்டது. அந்தக் கிழமை முறை வேறொருவருடையது. இரண்டு பேர் பரீட்சையைத் தவறவிட்டார்கள். திட்டு விழுந்தது இவருக்கு. பழக்கத்தால் எல்லோருடைய கையும் இவர் பக்கம்தான் நீண்டது. அன்றிரவு முறைப் பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி தானே எல்லாவற்றையும் செய்கிறேன் என்று எனக்குச் செய்தி போட்டார். அடுத்த நாள் வந்தபோது, முறைக்காரர் தன் பிழை என்று குழுவில் எழுதிவிட்டதையும், ரெப் ஒருவர் விரிவுரையாளரிடம் பேசி அந்த இருவருக்கும் மறுபடி எழுத இடம் வாங்கிக் கொடுத்ததையும் காட்டினார். தான் இல்லாமலே ஒரு பிழை திருத்தப்பட்டதைப் பார்த்தது அவருக்குப் புதிய அனுபவம். பட்டியலைத் திரும்பவும் எழுதி ஒட்டினார்.

விரிவுரையாளர்கள் பக்கம் கிடைத்தது குறைவு. ஒருவர் மட்டும், எல்லா அறிவித்தலையும் இணையக் கற்கைத் தளத்திலேயே போடுகிறேன், திகதியையும் இடத்தையும் மூன்று மொழியிலும் போடச் செய்கிறேன் என்று ஏற்றுக்கொண்டு அப்படியே செய்தார். அவருடைய பாடத்தைப் பற்றி இன்பொக்ஸில் வரும் கேள்விகள் கிட்டத்தட்ட நின்றே போயின. மற்றவர்கள் வழமைபோல ரெப்பிடம் வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள்.

குடும்பக் குழு பற்றி அம்மாவோடு பேசியது மகள்தான். நான் கூட இருந்தேன். கொப்பியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதெல்லாம் ஏனம்மா முதல்லயே சொல்லேல்ல” என்றார். இப்போது இரவு எட்டரைக்கு ஒரு அழைப்பு, அதோடு சரி. சித்தியின் படங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் மொத்தமாக மறுமொழி. சித்திக்கு அது இன்னும் பிடிக்கவில்லை.

செமஸ்டர் முடிவில் அதே ஒன்பது கேள்விப் படிவத்தில் 5 வந்தது. தலைவலி பரீட்சைக் கிழமையில் மட்டும் எட்டிப் பார்த்தது. நித்திரை பன்னிரண்டுக்கு முன்னே வருகிறதாம். ஒப்படைக்காத அசைன்மென்டுக்குப் புள்ளி வரவில்லை. அந்தப் பாடத்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தரம்தான் கிடைத்தது. அதை மாற்ற வழியில்லை. முதலாம் ஆண்டுக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள் தங்களுடைய குழுவுக்கும் அட்மினாக வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். முறைப் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, அட்மினாக வரமுடியாது என்று எழுதியிருக்கிறார்.

அடுத்த செமஸ்டரில் பாடம் எடுக்கப்போகும் விரிவுரையாளர்கள் நால்வருக்கும், அறிவித்தல்களை மூன்று மொழியிலும் கற்கைத் தளத்தில் போடும்படி ரெப்கள் இருவரும் எழுத்தில் கோரிக்கை கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதும்வரை இருவரிடமிருந்து சம்மதம் வந்திருக்கிறது.